மருதாத்தாள் பெயருக்கு முன்னால் ஒரு கமா

பதினோரு கிணற்றுக்கு வரவேண்டிய கரண்டைக் காளிச்சாமி ஒரு கமாவுக்காக நிறுத்திவைத்தார். வேண்டுமென்று செய்ததல்ல. மோட்டார் இணைப்புக்கான கூட்டு விண்ணப்பம் மார்ச் முப்பத்தொன்றுக்குள் மின்சார ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அது ஏப்ரல் மூன்றாம் தேதி, ஒரு பிழையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. கிளார்க் விரித்துப் பார்த்து, "நல்ல இங்கிலீஷ்" என்றார். பிறகு மலையாளத்தில், "பட்சே தேதி கழிஞ்ஞல்லோ" என்றார், ஆனால் தேதி தாண்டிவிட்டதே என்று. இனி அடுத்த மார்ச்தான்.

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தக் கேரளப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த தோட்டக்காரர் அவர் ஒருவர்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் மட்டும் தேறியவர். கணக்கும் சரித்திரமும் பூகோளமும் சேர்ந்து அவரைத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தன. ஆங்கிலம் கூடவே வந்துவிட்டது. உரமூட்டையில் அச்சடித்திருப்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால், கரிக்கட்டியால் அதைப் போட்டுவிட்டுத்தான் மூட்டையைப் பிரிப்பார். பயிருக்கு அதனால் நஷ்டம் வந்ததில்லை, லாபமும் வந்ததில்லை.

விண்ணப்பத்தின் மற்ற வாக்கியங்கள் இரண்டே நாளில் முடிந்தன. செமிகோலன் ஒன்றைக்கூட ஒரே காலையில் தீர்மானித்துவிட்டார். பதினோரு பெயரை வரிசையாக எழுதும்போதுதான் சிக்கியது. பெயருக்குப் பெயர் கமா. கடைசிப் பெயரான மருதாத்தாளுக்கு முன்னால் ஆங்கிலத்து 'அண்ட்' ஒன்று வருகிறது. அந்த 'அண்ட்'டுக்கு முன்னால் கமா உண்டா, இல்லையா?

பள்ளிக்கூடத்துப் புத்தகம் இல்லை என்றது. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய அட்டையில்லாத புத்தகம் உண்டு என்றது. இரண்டு தாளில் இரண்டு மாதிரியும் எழுதிச் சுவரில் ஒட்டி, எட்ட நின்று பார்த்தார். பக்கத்துச் சித்தூருக்குப் பஸ் ஏறி ஒரு காலேஜ் வாத்தியாரைக் கேட்கப் போனார், அவர் லீவு. மறுநாளும் போனார். "ரெண்டும் சரிதான்" என்றார் வாத்தியார். அதைவிடப் பெரிய இடைஞ்சலை யாரும் அவருக்குச் செய்ததில்லை. கமா வேண்டாம் என்று ஒருநாள் காலையில் முடிவானது. தாளின் தலையில் தேதி போடும்போதுதான் அது ஏப்ரல் ஒன்று என்று தெரிந்தது.

நடந்ததைச் சொல்ல வீடுவீடாகப் போனார். முதலில் பொங்கியண்ணன் வீடு.

"நாந்தானுங்க மாமா தாமசம் பண்ணிப்போட்டேன்."

"அட, அதெல்லாம் என்னுங்க மாப்ள. ஆபீசுக்காரனுக எப்பவுமே அப்பிடித்தான். உக்காருங்க, காப்பி குடிங்க."

"இல்லீங், தப்பு எம்படது."

"சக்கரை பத்துமுங்களா?"

அப்புசாமி வீட்டில், "எழுத்து முத்துமுத்தா இருந்துச்சாமுங்க" என்று பாராட்டி, காப்பியோடு முறுக்கும் வைத்தார்கள். அந்த ஊரில் வந்தவரை முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள். குறை பெரிதாக இருந்தால் தம்ளரும் பெரிதாக வரும். ஒன்பதாவது வீட்டில் சொம்பில் கொடுத்தார்கள்.

தன் வீட்டுக்கு வந்து மனைவி செல்லாத்தாளிடம் கேட்டார். "ஏம்புள்ள, என்னாலதான்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்களா?"

"நானென்னத்தக் கண்டனுங்க. களி ஆறுது, உண்ணுங்க."

அதற்கப்புறம் யாரும் அவரிடம் கடுதாசி கொண்டுவரவில்லை. முன்பெல்லாம் தந்தி வந்தாலும், பேங்கிலிருந்து நோட்டீஸ் வந்தாலும், அவர் வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார்கள். இப்போது அப்புசாமி தன் இன்ஷூரன்ஸ் காகிதத்தை மடியில் கட்டிக்கொண்டு, பஸ் கண்டக்டரிடம் காட்டப் போனதைக் காளிச்சாமி கண்ணால் பார்த்தார். எதிரே வந்த அப்புசாமி, "சும்மா ஒரு வேலையாப் போறனுங்க" என்று சிரித்தார். காளிச்சாமியும் சிரித்தார். அப்புசாமி நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கு இரண்டு வாய் கூட உண்டிருப்பார்.

மிச்சமிருந்தது மருதாத்தாள் தோட்டம். தொலைவு என்று தள்ளிப்போட்டிருந்தார்; தொலைவு அரை மைல். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகப் பாடுபடுகிறவள். காளிச்சாமி போனபோது கிணற்றுமேட்டில் இரண்டு மாட்டைக் கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். மாடுகள் சரிவில் இறங்கினால் தோல்பை மேலே வரும். பின்னோக்கி ஏறினால் பை கிணற்றுக்குள் போகும். வலத்து மாடு நொண்டியது. மிளகாய்க் காட்டில் முன்பாதிதான் பச்சையாக இருந்தது, மீதி காய்ந்திருந்தது.

"வாங்கண்ணா" என்றாள். மாட்டோடு சரிவில் இறங்கிப் போனாள்.

காளிச்சாமி நின்றார். பை வந்து வாய்க்காலில் கொட்டியது. அவள் மேலே வந்தாள்.

"காப்பி வெக்கறதுக்கு நேரமில்லீங்" என்றாள்.

"வேண்டாம் அம்மிணி, வேண்டவே வேண்டாம். அந்தக் கரண்டு விசயமா..."

அவள் மறுபடி இறங்கிவிட்டாள். அவர் சரிவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். கமாவைப் பற்றிச் சொன்னார், இரண்டு புத்தகத்தைப் பற்றிச் சொன்னார், சித்தூர் வாத்தியாரைப் பற்றிச் சொன்னார். பாதி அவள் காதில் விழுந்திருக்கும். மேலே வந்தவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"எம் பேருக்கு முன்னாலயா அது?"

"ஆமா அம்மிணி."

"அதுக்கு எத்தன நாளுங்க?"

"ஒம்பது."

அவள் குனிந்து நொண்டி மாட்டின் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். காளிச்சாமி ஊர் முழுக்கச் சொன்னதை இங்கே கேள்வியாகக் கேட்டார்.

"கரண்டு வராமப் போனது என்னாலதானா அம்மிணி?"

மருதாத்தாள் நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள்.

"ஆமாங்கண்ணா, உங்களாலதான். அந்தப் பாதி மொளகா காஞ்சதும் உங்களாலதான். இந்தக் கவுத்தப் புடிங்க, இடத்து மாட்டோட நீங்க எறங்குங்க. இதுக்குக் கால்ல எண்ணெ போடோணும்."