பழைய வீட்டு நம்பர்

மகள் டெஸ்ஸாவை அவள் அம்மா நொரீனின் வீட்டில் விட்டுவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிக்கொண்டிருந்தான் வெர்லின். போக வர நூற்றெழுபது மைல். அவனுடைய டிரக்கோ பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். விலை ஏறிவிட்டதால் இனி வாராவாரம் கட்டுப்படியாகாது, பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவேன் என்று நொரீனிடம் சொல்லியாக வேண்டும். கதவைத் திறந்தது அவள் அக்கா. அதையே சாக்காக வைத்து நழுவிவிட்டான்.

ஊர் எல்லையில் சூப்பர் மார்க்கெட்காரர்களின் பெட்ரோல் பங்க். பம்பில் பத்து எண்களைத் தட்டினான். எப்போதோ விற்றுவிட்ட வீட்டின் தொலைபேசி நம்பர் அது. விவாகரத்தில் வீடு, படகு, நாய் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். கடையில் பதிந்திருந்த அந்த நம்பரை மட்டும் இருவரும் மாற்றவில்லை. அதைச் சொல்லி யார் மளிகை வாங்கினாலும் பாயிண்ட் ஏறும். ஆயிரம் சேர்ந்தால், ஒரு தடவை நிரப்பும்போது கேலனுக்கு ஒரு டாலர் குறையும்.

திரையில் ஒரு டாலர் தள்ளுபடி என்று வந்தது. தொடர்ந்து மூன்றாவது மாதம்! தனிக்கட்டையான அவன் வாங்கும் மளிகைக்கு ஆயிரம் எங்கே சேரும்? மெஷின் ஏதோ உளறுகிறது என்று இத்தனை நாளும் கமுக்கமாக இருந்துவிட்டான்.

நிரப்பி முடித்து நிமிர்ந்தால், தள்ளுபடியே தராத எதிர் பங்க்கில் நொரீன் நின்றாள். தன் சின்னக் காருக்கு முழு விலையில் போட்டுக்கொண்டிருந்தாள். வெர்லின் சாலையைக் கடந்து ஓடினான்.

"இங்க என்ன பண்ற? அங்க ஆயிரம் பாயிண்ட் கிடந்துச்சு!"

"கிடந்துச்சா? நான் சேர்த்து வெச்சேன்யா."

"அப்ப நீயே போட்டுக்க வேண்டியதுதானே?"

"ஒரே தடவைல ஆயிரமும் காலியாகும். இந்தக் குருவி வயித்துக்கு ஒன்பது கேலன். உன் யானைக்கு இருபத்தஞ்சு. எதுல ஊத்தினா லாபம், நீயே சொல்லு."

"ஆயிரம் எப்படிச் சேர்த்த?"

"டெஸ்ஸாவுக்கு ஷூ வாங்கணும்னா, முதல்ல சூப்பர் மார்க்கெட்ல அந்த ஷூ கடையோட கிஃப்ட் கார்டு வாங்குவேன். அந்தக் கார்டுக்கு வெள்ளிக்கிழமைல நாலு மடங்கு பாயிண்ட், அதையே ஷூ கடைல கொடுத்துடுவேன். எங்கக்கா முடி வெட்டிக்கிறதுகூட அப்படித்தான்."

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாள் என்று பத்து வருஷம் இதே வேலையைக் கிண்டலடித்தவன் அவன். இப்போதுதான் உறைத்தது: என்ன மூளை இவளுக்கு!

"நான் அந்த நம்பரைத்தான் போடுவேன்னு எப்படித் தெரியும்?"

"உனக்கு வேற எந்த நம்பர் ஞாபகம் இருக்கு?"

"எனக்காகவா இவ்வளவு..."

"ஆசையைப் பாரு! விலை ஏறினதுமே நீ என்ன சொல்லப்போறேன்னு எனக்குத் தெரியும். சனிக்கிழமைன்னா அவ ஆறு மணிக்கே ஷூ மாட்டிக்கிட்டு ஜன்னல்ல நிக்கிறா. இனிமே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான்னு என்னால அவகிட்ட சொல்ல முடியாது. வேணும்னா நீயே போய்ச் சொல்லு."

வெர்லினுக்கு வெட்கமாக இருந்தது.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. அடுத்த சனிக்கிழமை வர்றேன்."

"வா. ஆனா வர்ற மாசம் இருநூறு பாயிண்ட் குறையும்போல இருக்கு. உன் ஊர்லயும் இதே கடை இருக்குல்ல? அந்த நம்பரைச் சொல்லி சோப்பு, சீப்புன்னு எதையாவது வாங்கு."