ஒன்பதாம் மாடத்தில் இரண்டு துண்டுகள்

லில் நகரத்தில் தங்கைக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, பத்து நாள் கழித்து ஞாயிறு மதியம் பாரிசுக்குத் திரும்பினாள் ஒர்த்தான்ஸ். பசி காதை அடைத்தது. பெட்டியைக்கூட மாடிக்குக் கொண்டுபோகாமல், கால்வாய்க் கரை ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நேராக நுழைந்து தன் துண்டை எடுக்கப் போனாள்.

அங்கே தங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு, மடியில் விரித்து வாய் துடைக்க, வாரத்துக்கு ஒரு கைத்துண்டு. மடித்து வைக்கச் சுவரில் அறை எண் போட்ட மர மாடங்கள். ஜோடியாக வாழ்கிறவர்களுக்கு ஒரே மாடம். பதினான்காம் மாடத்தில் ஆறு வருடமாக அவள் துண்டும், கால்வாய் மதகில் வேலை பார்க்கும் அவள் துணைவன் கஸ்தோனின் துண்டும் சேர்ந்தே கிடந்தன. இன்று அவளுடையது மட்டும் இருந்தது. அவளே சிவப்பு நூலில் பெயர் தைத்துக் கொடுத்த கஸ்தோனின் துண்டு, ஒன்பதாம் மாடத்தில் மிரேயின் துண்டோடு ஒட்டிக் கிடந்தது. மிரேய் தொப்பிக் கடைக்காரி. ஓட்டலுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

"மதாம், துண்டு இடம் மாறிக் கிடக்கு."

ஓட்டல்காரி மதாம் புவாசோ சூப்பு ஊற்றுவதை நிறுத்தவில்லை. "மாறலம்மா. நான்தான் வச்சேன்."

அதற்குப் பதில் மதாம் அவள் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். படுக்கை விரிப்பு மாற்றும்போதே யார் எங்கே தூங்கினார்கள் என்று தெரிந்துகொள்கிற பொம்பளை, அதையும் அழகாக மடித்து எண் பார்த்து அடுக்கிவிட்டாள்! ஒர்த்தான்ஸ் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.

"எத்தனை நாளா நடக்குது?"

"நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே..." என்று இழுத்தார் அச்சுக் கோர்க்கும் கிழவர் பெர்தினான். "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் யாரும் வாயத் திறக்கல."

"அடேயப்பா, என்ன கரிசனம்! பக்கத்துல உக்காந்து உப்பு எடுத்துக் குடுத்தீங்களே, வெக்கமா இல்ல? டிக்கெட் எடுக்காம என்னை வேடிக்கை பாத்திருக்கீங்க!"

"எங்க மேல ஏன் பாயறே?" என்றாள் மதாம். "அவன் ஒரு மணி வரைக்கும் மதகுலதான் இருப்பான். போய்க் கேளு."

"அந்த நாய் கிடக்கட்டும், அப்புறம் வச்சுக்கிறேன்! உங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லியிருக்கணும்!"

மதாம் கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி. ஆறு வருஷத்துக்கு முன்னாடி, அவனோட இருந்த கிளேமான்ஸ்கிட்ட நீ சொன்னியா?"

தட்டைப் பார்த்தவர்கள் நிமிர்ந்தார்கள். மதாம் விடவில்லை.

"அவ மாடத்துலேருந்து கஸ்தோன் துண்ட எடுத்து உன்னோடதுல வைங்கன்னு எங்கிட்ட வந்து சொன்னது யாரு? அவ இதே இடத்துல நின்னு தேடினப்போ, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சது யாரு?"

ஒர்த்தான்சின் கோபம் தணியவில்லை. இப்போது அது தன் மேலும் திரும்பியதால் இரட்டிப்பாகிவிட்டது. கிளேமான்ஸ் அன்று சாப்பிடாமல் மாடியேறினாள். மறுநாள் பெட்டியோடு இறங்கிப் போனாள்.

"அவ இப்ப எங்க இருக்கா?"

மதாம் பெர்தினானைப் பார்த்தாள். பெர்தினான் உதட்டைப் பிதுக்கினார். "யாரும் கேட்டதில்லையேம்மா."

ஒர்த்தான்ஸ் பெட்டியை ஓரமாக உதைத்துத் தள்ளினாள். தன் துண்டை உதறி மடியில் விரித்து, மிரேய் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் போனா என்னையும் இப்படித்தான் துடைச்சுப் போட்டுருவீங்க. நான் போகல. ஊத்துங்க சூப்ப. அவங்க ரெண்டு பேரும் வரட்டும், என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே தின்னட்டும்."