துரைக்குச் சிக்கெடுக்கும் நேரம்

எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. துரைக்குச் சிக்கெடுக்கும் நேரம். துரை என்பது நாய். வேலைக்காக வேறு ஊர் போன மகன் எங்களுக்கு விட்டுப்போன சொத்து. உடம்பு பாதி, முடி பாதி. அவன் வைத்த பெயர் என் வாயில் நுழையாததால், வீட்டில் அதற்கிருக்கும் அந்தஸ்தைப் பார்த்து நான் வைத்த பெயர் இது.

என் வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற கையோடு இந்தச் சிக்கெடுக்கும் பதவியை ஏற்றுக்கொண்டார். எங்கள் கல்யாண மோதிரத்தை அரை மணியில் வாங்கிய மனிதர், துரைக்குச் சீப்பு வாங்க ஒரு வாரம் கடை கடையாக அலைந்தார். பால்கனியில் பாய் விரித்து, துரையைப் படுக்க வைத்து, முடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அடியில் தோல் தெரிய வரி வரியாகச் சீவுவார். மேலாக்கச் சீவினால் பார்க்கப் பளபளவென்று இருக்குமாம், உள்ளே பஞ்சு முடி திரண்டு கட்டியாகிவிடுமாம். தண்ணீர் பட்டால் கட்டி இன்னும் இறுகுமாம். இதையெல்லாம் கேட்காதவர்களுக்கும் சொல்வார். வெயிலுக்கு மொட்டையடித்துவிடலாமே என்று வாய் தவறிச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர், இப்போது எங்களோடு லிஃப்டில் ஏறுவதில்லை.

துரை காதை லேசாகச் சிலுப்பினால் போதும், கை நின்றுவிடும். வலிக்குதாடா கண்ணா என்று விசாரணை நடக்கும்.

இதே வீட்டில் எனக்கும் தலைமுடி இருந்தது, இடுப்பைத் தாண்டித் தொங்கும் அளவுக்கு. வலது தோள்பட்டை இறுகிப்போய்க் கை காதுவரைகூட ஏறவில்லை. இடது கையால் மேலாக்க இழுத்துவிட்டு, சுருட்டி, கிளிப்பை மாட்டிச் சமாளித்தேன். பிடரியில் ஒரு சிக்குக் கட்டி சேர்ந்தது. தலைக்குக் குளிக்கக் குளிக்க அது கல்லாயிற்று. உதவி கேட்டிருக்கலாமே என்பீர்கள். நாய்க்கு அடுத்து வரிசையில் நிற்க ரோஷம் விடவில்லை.

கடைசியில், கழுத்தோடு வெட்டிவிட பார்லரில் நேரம் வாங்கினேன். அவரிடம் சொன்னபோது, துரையின் வாலுக்குப் பின்னாலிருந்து 'ம்ம்' என்று அனுமதி வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆசையாக வளர்த்த முடி.

பார்லருக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்கார ஐயா கூப்பிட்டார். துரையின் காதுக்குப் பின்னால் சிக்காம், தாடையைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். குனிந்தேன். கிளிப் நழுவி, முடி முன்னால் விழுந்தது. பிடரி அவர் கண்ணுக்கு நேரே.

சீப்பு நின்றது. ஒரு விரல் கட்டியை அழுத்திப் பார்த்தது.

"மேலாக்க மட்டும் சீவியிருக்க," என்றார், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிய அதே குரலில்.

கை ஏறவில்லை என்றேன். தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன். தோளோடு நின்றது.

எழுந்து போய்ச் சீப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்தார். அந்த மரியாதையில் குறை சொல்ல முடியாது. துரை நகர்ந்து பாயில் இடம் விட்டது. வேர்ப்பக்கம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். துளிக்கூட வலிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தக் கை இவ்வளவு மெதுவாகவும் இருக்கும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

கட்டி பாதி பிரிந்தபோது கேட்டார்.

"இவ்வளவு வலிய வச்சுக்கிட்டு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"துரை சொல்லிச்சா உங்ககிட்ட?" என்றேன்.