அனாதை வீரனின் அம்மா

லிஃப்ட் மெக்கானிக்கின் அம்மாவுக்கு எடை இல்லாமல் போன செய்தி முதலில் லிஃப்டுக்குத்தான் தெரிந்தது. அவர்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் லிஃப்டில் நான்கு பேர் ஏறலாம்; ஐந்தாவது ஆள் கால் வைத்ததும் மணி அடிக்கும், கதவு மூடாது. அன்று இரண்டாம் மாடித் தம்பதியும், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் ஏறி நின்ற பிறகு, காய்கறிப் பையோடு அம்மாவும் ஏறினார். மணி அடிக்கவில்லை. அந்த மணியைப் பராமரிப்பதே மகனுடைய வேலை என்பதால் அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. சிமெண்டு மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார், அடித்தது. வாட்ச்மேனை ஏற்றிப் பார்த்தார், அடித்தது. கோளாறு அம்மாவிடம்தான் என்று முடிவானது.

"ஒரு தடவ இறங்கிட்டு ஏறும்மா."

"நான் என்ன சிமெண்டு மூட்டையாடா?"

அதன் பிறகு நிழல் போனது. கடைகளின் தானியங்கிக் கதவுகள் அவருக்குத் திறப்பதை நிறுத்திக்கொண்டன. வேறு யாராவது வரும்வரை காத்திருந்து பின்னாலேயே நுழைந்தார். பஸ்ஸில் டிக்கெட் கேட்பாரில்லை. இதையெல்லாம் சௌகரியம் என்றே அவர் எடுத்துக்கொண்டார். வீட்டில் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். பிடித்த ஊசி விரல்களின் ஊடாகவே நழுவித் தரையில் விழத் தொடங்கிய அன்றுதான், இது எங்கே போய் முடியும் என்று பயந்தார். பயத்தைக் கோபமாகக் காட்டிக்கொள்வது அவருடைய வழக்கம். அன்று சமையலறையில் விழுந்த பாத்திரங்களில் எது கை நழுவியது, எது வீசியது என்று மகனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது பல் மருத்துவமனையின் வரவேற்பாளர். அவரும் மெக்கானிக்கும் டிரைவிங் ஸ்கூல் பயிற்சியாளரும் ஞாயிறு மாலைகளில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் கூடி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடினார்கள். ஆளுக்கொரு வீரனோ மந்திரவாதியோ ஆகிக்கொள்வார்கள். என்ன நடக்கிறது என்று கடைக்காரர் கதை சொல்வார். பிழைப்பதா சாவதா என்பதைப் பகடை சொல்லும். கடைக்காரர் தன்னைப் படைத்தவர் என்றுதான் அழைக்கச் சொல்வார். மேசையில் உட்கார்ந்துவிட்டால் அவர் வாயில் கல்வெட்டுத் தமிழ்தான் வரும். கடையிலிருந்து மனைவி "ஏங்க" என்று கூப்பிட்டால் மட்டும் பிரபஞ்சத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்.

ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு முன்கதை எழுதிவர வேண்டும் என்பது படைத்தவரின் கட்டளை. முன்கதையில் பெருந்துயரம் இருந்தால் உபரியாக ஒரு பகடை தருவார். அந்த உபரிப் பகடைக்காக மூன்று பேரும் பெற்றோரைக் கொன்றார்கள். அப்பா அம்மா உயிரோடிருந்தால் எந்த வீரன் வீட்டை விட்டுக் கிளம்புவான் என்பது அவர்கள் கட்சி. துயரம் நம்பும்படி இல்லை, சொந்த அனுபவத்திலிருந்து எழுதுங்கள் என்று படைத்தவர் திருப்பிக் கொடுத்தபோது, சொந்த அப்பா அம்மாவின் நடையையும் குரலையும் இருமலையும் அப்படியே இறக்கி எழுதினார்கள். வரவேற்பாளர் தன் அப்பா அம்மா இருவரையும் கப்பலோடு கடலில் மூழ்கடித்திருந்தார். இப்போது ஊரிலிருந்து அம்மா ஃபோன் செய்தால் குரல் கொப்புளித்துக்கொண்டு வந்தது. பயிற்சியாளர் தன் அப்பாவைக் கொள்ளை நோய்க்குக் கொடுத்திருந்தார். அந்த மனிதர் கண்ணாடிபோல் ஆகி, டிவிக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாலும் மறைக்காதவராகிவிட்டார். வீட்டில் யாரும் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மெக்கானிக்கின் வீரன் ஒரு கோபுரத்தில் பிறந்தவன். அந்தக் கோபுரத்துக்கும் அவர் நான்கு பேர் ஏறும் லிஃப்ட் ஒன்றை, மணியோடு சேர்த்தே வைத்திருந்தார், தொழில் புத்தி. கட்டைவிரலில் ஊசி குத்திய தழும்புள்ள தாயை, கருஞ்சிறகு டிராகன் கோபுரத்தில் புகுந்து எரித்தது என்று எழுதி உபரிப் பகடை வாங்கியிருந்தார்.

முன்கதையில் கொன்ற பெற்றோரை மீட்டுத் தரும்படி மூவரும் போய்க் கேட்டபோது படைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். முன்கதையில் மாண்டவர் மீள்வதில்லை என்பது அண்டத்தின் ஆதி விதி என்றார். யார் போட்ட விதி என்று வரவேற்பாளர் கேட்டார். கண்ணைத் திறக்காமலே, நான்தான் என்றார்.

அடுத்த ஞாயிறு, விஷயம் கேள்விப்பட்டு அம்மாவே பின்னறைக்கு வந்தார். அதற்குள் அவர் மெல்லிய திரைச்சீலை அளவுக்குத்தான் தெரிந்தார். அவருக்குப் பின்னால் காகிதக் கட்டுகளின் விலைச்சீட்டைப் படிக்க முடிந்தது. நாற்காலியின் நுனியில், அதற்குள் மூழ்கிவிடாதபடி கவனமாக உட்கார்ந்துகொண்டு, தன்னைக் கொன்றது யார் என்று விசாரித்தார். டிராகன் என்று மகன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"அது வந்தப்ப நான் என்னடா பண்ணிட்டிருந்தேன்?"

"தூங்கிட்டிருந்த."

"கதவத் தாப்பா போட்டிருந்தேனா?"

"அதெல்லாம் எழுதலம்மா."

"முப்பது வருஷமா ரெண்டு தாப்பாவும் போட்டுட்டு, வந்து வந்து இழுத்துப் பாத்துட்டுப் படுக்கிறவ. எழுதலையாம்!"

கதவு பூட்டியிருந்ததா என்பதைப் பகடைதான் தீர்மானிக்கும் என்று படைத்தவர் அறிவித்தார். டிராகனுக்காகத் தானே உருட்டுவதாகச் சொல்லி, இருபது முகப் பகடையைக் கைக்குள் வைத்து ஊதினார். பத்தொன்பது விழுந்தது; எண் பெரிதானால் டிராகனுக்கு வெற்றி. அம்மாவின் இடது கை முழங்கை வரை மறைந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தார். பகடைக்காக அம்மாவை விற்றவன் என்று அவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டது காதில் விழுந்ததாக வரவேற்பாளர் பிறகு சொன்னார்.

"கோபுரத்துல அம்மா எத்தனாவது மாடி?" என்று பயிற்சியாளர் மெதுவாகக் கேட்டார்.

"மூணாவது" என்ற மெக்கானிக் நிமிர்ந்தார். "டிராகன் லிஃப்ட்லயா வந்துச்சு?"

படைத்தவர், பறந்து வந்தது என்றார். ஜன்னலுக்குக் கம்பி உண்டு என்றார் அம்மா.

"அப்ப லிஃப்ட்தான்" என்றார் மெக்கானிக். முதல்முறையாக அவர் குரலில் ஒரு வீரன் பேசினான். "அது எடைக்கு மணி அடிச்சே தீரும். கதவு மூடாது. அதுக்கு நான் பொறுப்பு."

"பத்தொன்பது விழுந்திருக்கிறதே! படியேறி வந்திருக்கும்!"

"ஏறட்டுமே" என்றார் அம்மா. "அந்த மணிச் சத்தத்துக்கு நான் முழிக்க மாட்டேனா? அது மூணு மாடி மூச்சு வாங்கி வர்றதுக்குள்ள தாப்பாவும் போட்டு, தையல் மெஷினையும் கதவுல தள்ளி வெச்சிருக்க மாட்டேனா?"

படைத்தவர் அண்டத்தின் ஆதியிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தார். அப்போது கடையிலிருந்து, "ஏங்க, மெஷின்ல பேப்பர் சிக்கிக்கிச்சு, ஆளுங்க நிக்கிறாங்க!" என்று குரல் வந்தது. "சரி சரி, உயிரோடவே இருக்கட்டும்!" என்று சாதாரணத் தமிழில் சொல்லிவிட்டு அவர் ஓடினார். மெக்கானிக் உபரிப் பகடையைத் திருப்பி வைத்தார். அம்மா அதை எடுத்துப் பார்த்தார். நழுவவில்லை.

வரவேற்பாளரின் பெற்றோரை அன்றே ஒரு மீன்பிடிப் படகு காப்பாற்றியது. பயிற்சியாளர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போனார், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மெக்கானிக்கின் வீரன், பெற்ற தாய் உயிரோடிருக்கிற குற்றத்துக்காக, ஒவ்வொரு குகையில் நுழையும் முன்னும் வீட்டுக்குப் புறா அனுப்ப வேண்டியதாயிற்று.

அன்று வீடு திரும்பியபோது லிஃப்டில் இரண்டாம் மாடிக் குடும்பம் ஏறி நின்றது. அம்மா கால் வைத்தார். மணி கட்டடமே கேட்கும்படி அடித்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நான் ஏறியாச்சு. வேணும்னா நீங்க இறங்குங்க" என்றார்.

இறங்கியது அந்த வீட்டுப் பெரிய பையன்தான். அவனோடு மெக்கானிக்கும் படியேறினார். கைப்பிடிச் சுவரில் ஆங்காங்கே கரி படிந்திருந்தது. மூன்றாம் மாடியில் அம்மா சாவியோடு கதவுக்கு முன் நின்றிருந்தார். கதவின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று ஆழமான கீறல்கள். ஓரங்களில் பெயிண்ட் பொரிந்திருந்தது. பார்க்க வந்த வீட்டுக்காரர், பூனை வேலை என்றார்.

"பெரிய பூனை" என்று அம்மா ஒத்துக்கொண்டார். உள்ளே போய் இரண்டு தாழ்ப்பாளும் போட்டு, திரும்பி வந்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தார்.