எண்பத்திரண்டு அடி

வேவு பலூன் எடுத்த படத்தில் நான் ஏவுகணையாகப் பதிவாகியிருந்தேன். உயரம் எண்பத்திரண்டு அடி. வியாழக்கிழமை என்னைக் குண்டு வைத்துத் தகர்க்கப்போவதாகக் கடிதம் வந்தது. ஒத்துழைக்கும்படி கேட்டிருந்தார்கள்.

வேவுப்பட அலுவலகத்துக்குக் காலையிலேயே போனேன். மாலையில் அதன் நடைவழி நீளமாகிவிடும்.

ஜெசிந்தா மேடம் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மேலிருந்து எடுக்கும் படத்தில் உயரம் தெரியாது. நிழலை அளந்து உயரத்தைச் சொல்வது அவர் வேலை.

"மேடம், நான் அஞ்சரை அடிதான்."

அவர் படத்தைப் பார்த்தார். "நிழல் எண்பத்திரண்டு அடி இருக்கே."

"அது சாயங்காலம் எடுத்த படம்."

"எங்ககிட்ட ஒரே அட்டவணைதான். நிழல் எவ்வளவோ, உயரம் அவ்வளவு."

"நேர்லதான் நிக்கிறேனே. டேப் வெச்சு அளங்க."

"நேர்ல வர்றதை எல்லாம் நம்பினா அப்புறம் பலூன் எதுக்கு சார்?"

பக்கத்து மேசை குலோத்துங்கன் தலையை நீட்டினார். "ஏவுகணைக்கு டீ சொல்லட்டுமா மேடம்?"

"சர்க்கரை வேண்டாம்" என்றேன்.

வியாழக்கிழமை மறுபடியும் படம் எடுப்பதற்கான விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். எரிபொருள் என்ற இடத்தில் இட்லி என்று எழுதினேன்.

வியாழக்கிழமை உச்சிவெயிலில் மொட்டைமாடியில் நின்றேன். எங்கள் ஊரில் வருஷத்தில் இரண்டு நாள் அந்த நேரத்தில் நிழல் விழாது. அது அந்த இரண்டில் ஒன்று. பலூன் கடந்து போனது. அதிலிருந்து படச்சுருள் பாராசூட்டில் இறங்கியது. அலுவலக விமானம் ஒன்று அதைக் கொக்கி போட்டுப் பிடிக்கப் பார்த்தது. தவறவிட்டது. குண்டு வைக்க வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் என் காலில் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

இரண்டாவது முறை விமானம் பிடித்துவிட்டது.

மூன்று மணிக்கு அவர்களுடைய வயர்லெஸ்ஸில் ஜெசிந்தா மேடத்தின் குரல் வந்தது.

"சார், உங்க உயரம் பூஜ்ஜியம்."

"அப்படின்னா?"

"நீங்க தரையில வரைஞ்ச படம். எங்களை ஏமாத்த இப்படி வரைவாங்க. அதுக்கெல்லாம் குண்டை வீணாக்க மாட்டோம்."

"ரொம்ப நன்றி மேடம்."

காலிலிருந்து ஒயரை அவிழ்த்தார்கள். எனக்கு வியர்வை அப்போதுதான் வந்தது.

கீழே இறங்கினேன். வீட்டுக் கதவு காற்றில் சாத்தித் தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது. சாவி உள்ளே. கதவுக்கு அடியில் நுழைந்து போனேன். முதுகில் உரசவில்லை.

பாயில் படுத்தேன். நிம்மதியாக இருந்தது. மின்விசிறியை மட்டும் போடவில்லை.