ஷைனி ஏறாத படகு

1

மதிப்பிற்குரிய வாசகருக்கு முதலிலேயே ஓர் உண்மையைத் தெரிவித்துவிடுவது முறை. இக்கதை மாட்டுங்காவில் ஒரு திருமண விருந்தில், ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவே பிறந்தது.

"எங்க ஆன்யுவல் டேயில ஒரு அகதிப் பொண்ணு பேசினா பாருங்கோ, ஹாலே அழுதுடுத்து" என்றார் பக்கத்து இலைக்காரர்.

"என்ன பேசினாள்?"

"அது ஞாபகமில்லை சார். ஆனா ஹாலே அழுதுடுத்து."

இதை எழுதுபவர் பாயசத்தை மறந்தார். முதல் கதைக்கே அகதிப் பெண் கிடைப்பதென்றால் சும்மாவா? அன்றே தொடக்கம் எழுதப்பட்டது:

'கருத்த கடலின் நடுவே, ஓட்டைப் படகில், தாயின் சேலையைப் பற்றியபடி சிறுமி ஷைனி…'

(வாக்கியத்தைப் பாதியில் விட நேர்ந்ததற்கு மன்னிக்கவும். படகில் வந்தவர் ஷைனியின் தாய். ஷைனி பிறந்ததே திருநெல்வேலிப் பக்கம், இலங்கை அகதிகள் முகாமில். தாராவிக்கு அவள் வந்தது ரயிலில், கழிப்பறை ஓரமாக. கழிப்பறை ஓரம் இலக்கியத்தில் அவ்வளவாக எடுபடுவதில்லை.)

2

சாதனா மாட்டுங்காவாசி, வாஷியில் ஓர் அலுவலகத்தில் மேலாளர். சனிக்கிழமைதோறும் ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் தாராவிக்கு வந்து, பிற இடங்களிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருபவர். பிள்ளைகளுக்கு அவர் 'தீதி', அதாவது அக்கா. வந்ததை மறவாமல் படமெடுத்து வெளியிடுபவர். (இது பாராட்டு. கிண்டல்போலத் தொனித்தால் பிழை எழுதுபவருடையது.)

ஷைனிக்கு வேண்டியது பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றுதான். ஒருமுறை தோற்றுவிட்டாள், ஜூலையில் மறுதேர்வு. அவளைத் தன் வீட்டில் வைத்திருக்கும் ஞானசீலன் மாமா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் நீ கோட்டை விட்டேன்னா, முகாமுக்கே ரயிலேத்தி விட்டுருவேன், பாத்துக்க. ஒங்கம்மைட்ட நான் பேசிக்கிடுதேன்."

"தீதி, ட்ரிக்னாமெட்ரி மட்டும் சொல்லித் தாங்க. மத்தத நானே பாத்துக்கிடுவேன்."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் கண்ணா. மொதல்ல உன் ஜர்னிய வரைஞ்சு காட்டு. இந்தா, க்ரேயான்."

ஷைனி ரயில் வரைந்தாள்.

"இதுல கடல் எங்க?"

"கடலா? குர்லா டேசன்லல்லா எறங்குனோம், தீதி."

சாதனாவுக்கு சைனும் காஸும் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தன. அதைச் சொல்ல வாய் எழவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டால், உதவுபவர் யார், பெறுபவர் யார் என்பதே குழம்பிவிடுமே! ஆகவே சனிக்கிழமைகள் எல்லாம், நிறுவனத்தின் ஆண்டு விழாவில் ஷைனி பேசவேண்டிய படகு உரையை மனப்பாடம் செய்வதில் கழிந்தன.*

* சாதனாவைச் சற்று மோசமாகக் காட்டிவிட்டோமோ என்று எழுதுபவருக்கு ஐயம். ஆனால் முதல் பகுதியில் படகு கேட்டவர் சாதனா அல்லர்.

3

ஞாயிறு விழா, திங்கள் தேர்வு. (மாற்றிவைக்க எழுதுபவர் முயன்றார். வேறு நாளில் அரங்கு கிடைக்கவில்லையாம்.)

மழையிலும் செம்பூர் அரங்கு நிறைந்திருந்தது. திரைமறைவிலிருந்து சாதனா உதட்டசைத்தார்: இருண்ட கடல்…

ஷைனி மைக்கைப் பிடித்தாள். "இருண்ட கடல்னு சொல்லச் சொன்னாங்க. நான் கடல்ல வரலை. எனக்குத் தெரிஞ்ச படகு, கணக்குப் புஸ்தகத்துல வருதுல்லா, அது ஒண்ணுதான். லைட் ஹவுஸ் ஒசரம் எழுவத்தஞ்சு மீட்டர். உச்சில இருந்து பாத்தா படகு முப்பது டிகிரி கீழ தெரியுது. எவ்வளவு தூரத்துல நிக்குன்னு நாளைக்குக் கேப்பாங்க. இங்க யாருக்காச்சும் போடத் தெரியுமா, சார்?"

அரங்கில் பொறியாளர்கள் இருந்தார்கள். வங்கி அதிகாரிகள் இருந்தார்கள். கல்லூரி முதல்வர் ஒருவரும் இருந்தார். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

கைதட்டினார்கள்.

"என்ன தைரியம் பாருங்கோ!" என்று முன்வரிசை அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

4

முடிவு, அ: சாதனா மேடைக்கு ஓடி, ஷைனியை அணைத்து… (எழுதும்போதே எழுதுபவர் கைதட்டிவிட்டார். எனவே நீக்கப்பட்டது.)

முடிவு, ஆ: கணக்கில் ஷைனி மாநிலத்திலேயே… (மறுதேர்வில் அப்படியெல்லாம் அறிவிப்பதில்லையாம்.)

நடந்தது இவ்வளவுதான். திரைமறைவுக்கு வந்த ஷைனி கேட்டாள்: "தீதி, ஒங்களுக்குத் தெரியும்லா?"

படமெடுப்பதற்கான சிரிப்பை சாதனா இன்னும் கழற்றியிருக்கவில்லை. "எனக்குத் தெரியாதுடி" என்றார்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? வேற யார்ட்டயாவது கேட்டிருப்பேன்."

இப்போது இருவரும் அரங்கின் படிக்கட்டில் புத்தகத்தை விரித்து அமர்ந்திருக்கிறார்கள். மழை விடவில்லை. நிமிர்ந்து, நம்பிக்கையோடு இதை எழுதுபவரைப் பார்க்கிறார்கள். அவருக்கு முடிவுகள் எழுத வரும். முப்பது டிகிரி வராது.

வாசகர் பெருமானே, தயவுசெய்து கைதட்ட வேண்டாம். எழுபத்தைந்து மீட்டர், முப்பது டிகிரி. தேர்வு நாளைக் காலை. இருவரையும் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லி உங்களுக்கு இடம் வாங்கித் தருகிறோம்.

பென்சில் ஷைனியிடமே இருக்கிறது.