சேத்துப்பட்டு வண்டி

ஆரணி பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோன வருஷம் சகாயம்மாளும் தன் இட்லிக் கடையை அங்கே கொண்டுபோனாள். பழைய ஸ்டாண்டின் பின்சந்தில் பல வருஷம் அடுப்பு மூட்டியவள் அவள். அங்கே ஒரு வண்டி திரும்புவதற்குள் இன்னொரு வண்டி வந்து முட்டிக்கொண்டு நிற்கும். களம்பூர் மில்லுக்கு நெல் ஏற்றிப் போகும் லாரி ஒன்று நடுவில் மாட்டினால் போதும், கடைத்தெரு முழுக்க ஆரன் சத்தம்தான். ஊரே ஸ்டாண்டை மாற்றச் சொன்னபோது, தான் மட்டும் சந்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது என்று முதல் ஆளாகப் போய்ப் புது ஸ்டாண்டில் ஒரு கடையைப் பிடித்தாள்.

மேளதாளத்தோடு திறந்தார்கள். ஒரு வாரம் எல்லா வண்டிகளும் வந்தன. அப்புறம் தனியார் வண்டிகள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன.

காரணம் பட்டு. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடை வாசல் கண்ணில் படவேண்டும். ஊருக்கு வெளியே இறக்கிவிட்டால் பாதிப் பேர் அப்படியே காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள் என்று பட்டுக் கடைக்காரர்களுக்குப் பயம். பஸ் முதலாளிகளும் அதே கடைத்தெருவில் புழங்குகிறவர்கள்தான். அதனால் வேலூர், சேத்துப்பட்டு ஓடும் தனியார் வண்டிகள் பழைய இடத்தில் நின்றன. செய்யார், காஞ்சிபுரம் போகும் அரசு பஸ்கள் மட்டும் புது ஸ்டாண்டுக்கு வந்தன. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றைப் பிடிக்க வேண்டியவர்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் குறுக்கே கடந்து ஓடினார்கள்.

சகாயம்மாளின் முதல் ஈடு இட்லியே மத்தியானம் வரை மீந்து கிடந்தது.

அவள் புருஷன் பிலவேந்திரன் சேத்துப்பட்டு வண்டியில் டிரைவர். லைசென்ஸ் வாங்கிய கையோடு அவனை நம்பி வண்டியைக் கொடுத்த முதலாளியிடமே இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, மத்த வண்டி வரலன்னா போவட்டும். ஒங்க வண்டியாவது இந்தப் பக்கம் வரக்கூடாதா?" என்று கேட்டாள்.

"என் வண்டியா? அது மொதலாளி வண்டி. அவரு எங்க நிறுத்தச் சொல்றாரோ அங்க நிறுத்துறேன்."

"பொண்டாட்டி கடை ஈ ஓட்டிகினு இருக்குதுன்னு சொல்லிப் பாருங்களேன்."

"சொன்னா, நீயும் போயி அங்கயே குந்திக்கோன்னுவாரு" என்றான்.

ஆவணி நடவு தொடங்கியது. தேவிகாபுரம் பக்கத்துக் காலனியிலிருந்து அம்மணி என்பவள் ஒரு கூட்டம் பெண்களைக் கூட்டிக்கொண்டு செய்யார் பக்கம் நடவுக்குப் போய்வருவாள். அவர்கள் பழைய ஸ்டாண்டில் இறங்கிப் புது ஸ்டாண்டுக்கு ஓடிவர வேண்டும். ஒரு நாள் காலை அவர்கள் வந்து சேரவும் செய்யார் பஸ் ரோட்டில் ஏறிப் போகவும் சரியாக இருந்தது. அடுத்த பஸ்ஸில் போனால் கழனியில் வேறு ஆள் இறங்கியிருக்கும். பெண்கள் சகாயம்மாளின் கடை ஓரத்தில் தூக்குச்சட்டிகளோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

"தெனம் இதே பேஜாருதான்க்கா" என்றாள் அம்மணி. மூச்சு வாங்கியது.

சகாயம்மாள் டீயை ஆற்றிக் கொடுத்தாள். "அங்க இன்னாத்துக்கு எறங்குறீங்க?"

"எறக்கி உட்டுடறாங்களே."

"டிக்கெட்டு எதுக்கு வாங்குனீங்க? ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குத்தான? பஸ் ஸ்டாண்டு இங்க இருக்குது. எறங்காதீங்க."

அம்மணி சிரித்தாள். "எங்காளுங்க வாயத் தெறந்தா கண்டக்டருங்க எப்படிப் பேசுவாங்கன்னு ஒனக்குத் தெரியாதாக்கா?"

"ஒருத்தி பேசினாதான பேசுவாங்க. யாரும் ஒண்ணும் பேசாதீங்க. எல்லாரும் கம்முனு குந்திகினு இருங்க. இத்தனி பேரத் தூக்கியா வெளிய போடுவாங்க?"

மனசில் இருந்த எரிச்சலில் சொன்னதுதான். அவர்கள் செய்வார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். சேத்துப்பட்டு வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஸ்டேரிங்கில் பிலவேந்திரன். மத்தியான ட்ரிப் ஓட்டுகிறவனை அன்றைக்குத்தான் காலை ட்ரிப்புக்கு மாற்றியிருந்தார்கள். அவளுக்குக் கரண்டி கையிலேயே நின்றது.

வண்டி நின்றதும் பெண்கள் குதித்து இறங்கிச் செய்யார் பஸ்ஸைப் பார்த்து ஓடினார்கள். அம்மணி மட்டும் போகிற போக்கில் கையை ஆட்டிக் கத்தினாள்: "யக்கா, நீ சொன்னாப்லயே குந்திகினோம்!"

பிலவேந்திரன் சீட்டிலிருந்தபடி மனைவியைப் பார்த்தான்.

கண்டக்டர் ஜெயவேல் ஓடிவந்து நின்றபடியே ஒரு டீ குடித்தான். "அசையவே இல்லக்கா. பழைய ஸ்டாண்டு ஏஜெண்டு கத்துறாரு, நான் கத்துறேன், ஒருத்தி வாயத் தெறக்கல. பின்னாடி வர்ற வண்டிக்கு டைம் ஆச்சு. இதுங்களோட மல்லுக்கட்டுற நேரத்துல கொண்டுபோயி உட்டுட்டு வந்துடலாம்னு அண்ணன் எடுத்துட்டாரு."

அன்று சாயங்காலமே பிலவேந்திரன் வீட்டுக்கு வந்துவிட்டான். இனி வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"நீ சொல்லிக் குடுத்ததா?" என்றான்.

"ஆமா. ஒங்க வண்டின்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

சகாயம்மாள் யோசித்தாள். பொய் சொன்னால் அந்த நேரத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பெண்கள் ஓட்டமும் நடையுமாக வந்து பஸ்ஸைத் தவறவிட்ட முகங்கள் அவளுக்கு மறக்கவில்லை.

"தெரிஞ்சிருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன்."

அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினாலும் அவன் பத்தடி முன்னாலேயே நடந்தான். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

அதற்குள் விஷயம் பரவிவிட்டது. செய்யார் போகிறவர்கள், காஞ்சிபுரம் போகிறவர்கள், வேட்டி கட்டியவர், பேன்ட் போட்டவர் எல்லாரும் பழைய இடத்தில் இறங்காமல் உட்கார ஆரம்பித்தார்கள். சண்டை போட்டு நேரத்தை விட்ட வண்டிக்குப் போகிற வழியில் ஆள் கிடைக்கவில்லை. அடுத்த வண்டிக்காரன் அள்ளிக்கொண்டு போனான். முதலாளிகளுக்கு அது போதும். தீபாவளிக்கு முன்னால் எல்லா வண்டிகளும் புது ஸ்டாண்டுக்கு வந்துவிட்டன. பட்டுக் கடைக்காரர் ஒருவர் சைக்கிள் ரிக்‌ஷாவில் கடைப்பெயரை எழுதி ஸ்டாண்டு வாசலுக்கு அனுப்பினார். இலவசமாக ஏற்றிக்கொண்டு போய்க் கடை வாசலிலேயே இறக்கினார்கள். மற்றவர்களும் அதையே செய்தார்கள். யாரும் காஞ்சிபுரத்துக்கு ஓடிவிடவில்லை.

பிலவேந்திரனைத் திரும்ப வேலைக்கு வரச்சொல்லி முதலாளி ஜெயவேலிடம் சொல்லி அனுப்பினார். பிலவேந்திரன் போகவில்லை. களம்பூர் அரிசி மில் ஒன்றில் லாரி ஓட்ட அதற்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டிருந்தான். பெங்களூருக்கு அரிசி ஏற்றிப் போனால் திரும்பிவர மூன்று நான்கு நாள் ஆகும்.

"பஸ்ஸுக்கே போயிருக்கலாமே. தெனம் வீட்டுக்கு வந்திருப்பீங்க" என்றாள் சகாயம்மாள்.

"மூட்டைங்க எறங்க மாட்டேன்னு குந்திக்காது" என்றான். அந்தச் சண்டைக்குப் பிறகு அவன் அவளைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

கடை நன்றாக ஓடியது. காலைக்கு மட்டும் இட்லி என்றிருந்தவள், செய்யார் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்காக மத்தியானச் சோறும் போட ஆரம்பித்தாள். வீட்டில்தான் பல நாள் அவள் ஒருத்திக்கே உலை வைக்கவேண்டியிருந்தது. அது அவளுக்குப் பழகவில்லை.

நடவு முடிந்ததும் அம்மணியின் கூட்டம் வருவது நின்றுபோனது. அறுப்புக்குத்தான் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை ஓட வேண்டியிருக்கவில்லை. செய்யார் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.

"அண்ணன் எங்கக்கா? எங்களால வேல போச்சாமே" என்றாள் அம்மணி.

"லாரி ஓட்டுறாரு. பெங்களூர் போயிருக்காரு, சனிக்கெழம வருவாரு."

"எங்க மேல கோவமா இருக்காரா?"

"ஒங்க மேல இல்ல. எம்மேலதான் இருந்தாரு. இப்ப கொஞ்சம் கம்மியாயிருக்குது."

அம்மணி தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "நான் விசாரிச்சேன்னு சொல்லுக்கா" என்றாள்.

"சொல்றேன். மொதல்ல சாப்புடுங்க, ஜல்தி. செய்யார் பஸ்காரன் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான் பாரு."